இரண்டாவது முறை கரண்ட் போனபோது

நாலு பேர் படிக்கும்படி எதையாவது எழுதும் ஆள் நான் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கல்யாண வீட்டில் யாராவது பேரைக் கேட்டாலே பந்திப் பக்கம் நழுவிவிடுவேன். அப்படிப்பட்டவன் தன் வேலையைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதச் சொன்னது செல்வி. என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை பார்த்த பெண். எங்கள் பிரிவை மூடி எனக்கு ஓய்வு கொடுத்தபின், போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, இப்ப எதக் கேட்டாலும் கம்ப்யூட்டரே பதில் சொல்லிருது. நீங்க ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாத்துத்தான் எழுதுனீங்கன்னு இங்கன பிள்ளைக நம்ப மாட்டேங்குதுக. ஒருக்கா எழுதி அனுப்புங்களேன்."

"எனக்கு எழுத வராது செல்வி."

"இத்தன வருசமா எழுதித்தான சம்பளம் வாங்குனீங்க?"

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

என்ன எழுதினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சி என்பது கணினிக்கு வேலை சொல்லும் ஒரு பழைய மொழி. அதில் எழுதும் நிரலின் தலைமாட்டில் சில கோப்புகளின் பெயரைப் போடுவார்கள். அவற்றுக்கு ஹெட்டர் என்று பெயர். கணக்கு வேண்டுமானால் மேத்.எச், எழுத்துகளை ஒட்டவும் வெட்டவும் ஸ்ட்ரிங்.எச், நேரம் பார்க்க டைம்.எச். எந்தக் கணினிக்குப் போனாலும் பெயர் மாறாது. உள்ளே இருப்பது மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். குற்றாலம் புரோட்டா என்று எல்லா ஊரிலும் பலகை வைக்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்து சால்னாவை ஊற்றினால்தான் எது எப்படி என்று தெரியும். எங்கள் வேலை அப்படி ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து பார்த்து எழுதுவது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலைக் கொண்டுபோகிறவர்கள் எங்கள் பக்கங்களைப் பார்த்துத்தான் மூட்டை கட்டுவார்கள்.

அலுவலகம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், மேலகரத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. டைப்பிங் தெரியும் என்பதால் சேர்த்தார்கள். மற்றதெல்லாம் பார்த்துப் பழகியது. அதைச் சொல்ல அதிகமில்லை. மேற்குப் பக்க ஜன்னலில் மலை முழுதாகத் தெரியும். சாரல் காலத்தில் மலை இருக்காது. வெள்ளையாக ஏதோ ஒன்று இருக்கும். அது மெதுவாக இறங்கி வந்து டயர் கடைக்காரர் அடுக்கி வைத்திருக்கும் டயர்களுக்குள் புகுந்து போகும். சுவரெல்லாம் வேர்க்கும். பழைய கணினிகளை மர அலமாரியில் வைத்திருந்தோம். ஈரம் ஏறாமல் இருக்க அலமாரித் தட்டுகளில் குண்டு பல்பு எரிய விட்டிருப்போம். காலையில் கதவைத் திறந்தால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து கணினிகள் தூங்கி எழாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புவதுதான் என் முதல் வேலை.

ஒவ்வொரு ஹெட்டருக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் மேற்பாதியில் அதன் வரலாறு வரும். சி மொழிக்குப் பொது விதிகளை வகுத்து எண்பத்தொன்பதில் வந்த முதல் தரநிலையிலேயே இருந்ததா, பிறகு வந்து சேர்ந்ததா, முன்பு வேறு பெயரில் திரிந்ததா என்று எழுத வேண்டும். எனக்கு அந்தப் பாதிதான் பிடிக்கும். மாலக்.எச் என்று ஒன்று சில கணினிகளில் தனிக்குடித்தனம் இருந்தது. பிறகு அதன் சாமான்களெல்லாம் ஸ்டாண்டர்ட் லிப் என்ற பெரிய வீட்டுக்குள் போய்விட்டன. பழைய வாசல் மட்டும் சில ஊர்களில் இன்னும் திறந்தே இருக்கிறது. வார்ஆர்க்ஸ் என்ற ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இதையெல்லாம் எழுதும்போது, பார்த்தே இராத மனிதர்கள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு சொல்லை எந்த வீட்டில் குடிவைக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பது என் காதில் கேட்பதுபோல இருக்கும். அப்படியே உட்கார்ந்திருப்பேன். தேநீர் ஆறிவிடும்.

கீழ்ப்பாதியில் கணினிகளின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிவு, அதற்கடுத்து ஒரே ஒரு சொல்: கண்டது, அல்லது கேட்டது. நாங்களே ஓட்டிப் பார்த்திருந்தால் கண்டது. கணினி செய்தவர்களின் கையேட்டில் படித்திருந்தால் கேட்டது. இது பாகீரதி மேடத்தின் ஏற்பாடு.

பாகீரதி மேடம்தான் எங்கள் பிரிவுக்குத் தலைமை. பண்பொழிக்காரர். சென்னையில் பெரிய வேலையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நாம் எழுதியதில் நம்பிக்கை வரவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேச மாட்டார். அந்த நேரத்தில் நமக்கே தெரிந்துவிடும், எந்த வரி என்று. பிறகு மெல்லக் கேட்பார்.

"ஓடுச்சா, ஓடுச்சுன்னு சொன்னாங்களா?"

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு நிரல், ஒரு கேள்வி. ஒரு கேள்விக்காகப் பத்து வரியில் சின்ன நிரல் எழுத வேண்டும். அது ஓடி, ஒரு பதிலைத் திரையில் காட்டி, நின்றுவிட வேண்டும். அதற்குமேல் அதில் எதையும் சேர்க்கக் கூடாது. இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று குழம்பும் என்பார். சரியான பேச்சுதான். அப்படித்தான் நாங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதினோம்.

பக்கங்களை ஆங்கிலத்தில் போட்டோம். தமிழிலும் போட வேண்டும் என்று மேடம் ஒரு சமயம் ஆசைப்பட்டார். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. யார் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். ஒருவர் படித்தார். அவர் பெயர் சுடலைமணி. தென்காசியில் மோட்டார் காயில் கட்டுகிறவர், முட்டை பொரிக்கும் இன்குபேட்டரும் செய்து கொடுப்பார். தானே படித்து, தானே நிரல் எழுதுகிறவர்.

ஓர் ஆனி மாதம், காற்று நன்றாகப் பிடித்திருந்த நாளில், அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் ஒரு பெண்மணி. குடையை மடக்கி, தண்ணீரை உதறி, படியிலேயே சாத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பெயர் ஜெபமலர். வீரகேரளம்புதூர்ப் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து, சுற்று ஊர்களில் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்து வருகிறவர்.

"இவ்வொதான் எழுதுனது" என்று சுடலைமணி என்னைக் காட்டினார். எனக்கு அலமாரிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"உக்காருங்க. என்ன விசயம்?" என்றார் மேடம்.

ஜெபமலர்தான் சொன்னார். "போன ஈடு முட்டை அத்தனையும் கூமுட்டையாப் போச்சும்மா. காலைல போய்ப் பாத்தா மெசின் ஐஸ் மாதிரி கெடக்கு. ஃபேன் ஓடல, சூடு இல்ல. இந்தப் பெட்டியப் பத்திக் கேட்டா இவரு கரண்டுக்காரனத் திட்டுதாரு. கரண்டுக்காரன் இவரத் திட்டுதான். இப்ப அடுத்த ஈடு உள்ள இருக்கு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல பொரியணும். இதும் போச்சுன்னா குழுக்காரங்க வேற எடம் பாத்துக்கிடுவோம்னு சொல்லிட்டாங்க. நான் கடையச் சாத்திட்டுத் திரும்பவும் பீடி சுத்தப் போவேண்டியதுதான்."

"பெட்டி நல்ல பெட்டிம்மா" என்றார் சுடலைமணி. "நான் போய் ஆரம்பிச்சு, பிளக்கப் புடுங்கிப் பாத்தா டக்குனு ஜெனரேட்டர் எடுக்குது. நான் இருக்கையில ஓடுது. நான் வீட்டுக்குப் போனா நிக்குது."

"அப்ப ஒம்மையும் சேத்து உள்ள வச்சுப் பொரிக்க வேண்டியதுதான்" என்றார் ஜெபமலர்.

மேடம் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சுடலைமணியின் ஏற்பாடு இதுதான். ஒரு சின்னக் கணினி முட்டை அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனதும் பேட்டரிப் பெட்டி அந்தக் கணினிக்கு ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுக்குத்தான் சிக்னல் என்று பெயர். வெறுமனே விட்டால் அந்தச் சிக்னல் ஓடுகிற நிரலை நிறுத்திவிடும். ஆனால் சிக்னல்.எச் என்ற ஹெட்டரில் ஒரு வசதி உண்டு. தட்டு வரும்போது நிற்காதே, இந்த வேலையைச் செய் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சுடலைமணி ஜெனரேட்டரைக் கிளப்பு என்று சொல்லி வைத்திருந்தார். பழைய கணினியில் அது வருடக்கணக்கில் ஓடியது. அந்தக் கணினி ஈரத்தில் போய்விடவே, மூடிய நூற்பாலை ஒன்றிலிருந்து ஒரு பழைய கணினியை வாங்கி மாட்டினார். அதற்கு முன் எங்கள் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அந்த வகைக் கணினிக்கு எதிரே, சிக்னலை நிற்காமல் வாங்கிக்கொள்ளும் என்ற பொருளில், 'பிடிக்கிறது' என்று இருந்தது. அதற்கடுத்து 'கண்டது' என்றும் இருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓடுச்சு மேடம். நான்தான் ஓட்டினேன். நீங்களும் பக்கத்துல நின்னீங்க."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே மலை இல்லை. காற்று ஜன்னல் கம்பியில் ஊதிக்கொண்டிருந்தது. விளக்கு ஒருமுறை மங்கி, வந்து, மறுபடி போனது.

"இந்தாருங்க" என்றார் ஜெபமலர். "இதத்தான் சொல்லுதேன். எங்க பக்கம் ஒத்தத் தடவையா எப்பப் போயிருக்கு? காத்தடிச்சா ரெண்டு தடவ கண்ணடிச்சுட்டுத்தான் போவுது."

மேடத்தின் கை நின்றது.

"நாம எத்தன தடவ தட்டிப் பாத்தோம்?" என்றார்.

"ஒரு தடவ மேடம்."

"எல்லாக் கணினிலயும் ஒரு தடவதானா?"

"ஒரு தட்டு வாங்கி, பதிலக் காட்டிட்டு நிரல் நின்னுரும். நம்ம ஏற்பாடு அதான?"

கரண்ட் வர அரை மணி ஆனது. நாலு பேரும் இருட்டாகவும் இல்லாமல் வெளிச்சமாகவும் இல்லாமல் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்தோம்.  கரண்ட் வந்ததும் அலமாரியில் அதே வகைக் கணினியை எழுப்பினேன். நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு வரியை மாற்றச் சொன்னார் மேடம். மாற்றி ஓட விட்டேன். நிறுத்தும் விசையும் அதே மாதிரி ஒரு தட்டுதான்; அதை ஒருமுறை அமுக்கினேன். 'பிடித்தேன்' என்று திரையில் வந்தது. நிரல் ஓடியது.

"இன்னொரு தடவ."

அமுக்கினேன். திரையில் எதுவும் வரவில்லை. நிரல் போய்விட்டது. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி இருந்தது.

அந்த வகைக் கணினி சொல்லி வைத்ததை ஒரே ஒரு தட்டுக்குத்தான் நினைவில் வைத்திருக்கும். அடுத்த தட்டுக்கு மறந்துவிட்டு, வழக்கம்போல் நிரலை நிறுத்திவிடும். வேறு குடும்பத்துக் கணினிகள் மறக்காது. தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது. சுடலைமணி போய்ப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தபோதெல்லாம் அந்த ஒரு நினைவைச் செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"சவத்த, நாந்தான் கொன்னிருக்கேன்" என்றார் சுடலைமணி. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க பிளக்கப் புடுங்கலைன்னாலும் ரெண்டாவது தடவ நின்னுதான் இருக்கும். ஒரு தடவ பாத்தா கண்டதுன்னு எழுதலாம்னு சொன்னது நான்" என்றார் மேடம். அவ்வளவுதான். அதற்குமேல் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாற்காலியைத் திரைக்கு இழுத்துப் போட்டார்.

திருத்தம் ஒரு வரிதான். தட்டு வந்ததும், வேறு எதையும் செய்வதற்கு முன், அடுத்த தட்டுக்கும் இதேபோல் என்று மறுபடி சொல்லி வைக்க வேண்டும். சேர்த்தோம். அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். விரல் வலிக்கும்வரை அமுக்கினேன். நிரல் நிற்கவில்லை. சுடலைமணியின் முகம் தெளிந்தது. மேடத்தின் முகம் தெளியவில்லை.

"முழுசாச் சரியில்ல இது" என்று ஜெபமலரிடம் சொன்னார். "ஒரு தட்டு வந்ததுக்கும் நாம மறுபடி சொல்லி வைக்கிறதுக்கும் நடுவுல ஒரு கண்ணிமைக்கிற நேரம் இருக்கு. சரியா அதுக்குள்ள இன்னொரு தட்டு வந்தா போச்சு. வராதுன்னு என்னால சொல்ல முடியாது. இந்தக் கணினில இதுக்கு மேல வழியும் இல்ல."

"எங்க ஊரு கரண்டு கண்ணிமைக்கிற நேரத்துலதான வெளையாடும்" என்றார் ஜெபமலர். "சரி வாங்க. இருக்கதப் போடுவோம்."

மறுநாள் காலை சுடலைமணியின் வண்டியில் நான் போனேன். மேடம் பஸ்ஸில் வந்தார். முட்டை அறையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே காற்றும் தூறலுமாகக் குளிர். கதவைத் திறந்து உள்ளே போனால் சித்திரை மாதம். சின்ன சிவப்பு விளக்கு ஒன்று. தட்டுத்தட்டாக முட்டைகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எதையோ கவனித்துக்கொண்டிருப்பதுபோல. மின்விசிறி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் சூட்டிலும் எனக்குக் கண் சொருகியது. நான் எழுதிய ஒரு சொல்லை நம்பி இத்தனை உயிர் இங்கே படுத்திருந்திருக்கிறது என்று தோன்றியது. பயமாக இல்லை. வேறு என்னவோ போல இருந்தது.

சுடலைமணி பழைய நிரலை நிறுத்தி, புதியதை ஏற்றினார். ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடமும் ஜெபமலர் தட்டுகளின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார், கையின் சூடே போதும் என்பதுபோல.

"பிளக்கப் புடுங்கிப் பாத்துருவோமா?" என்றார் சுடலைமணி.

"கைய ஒடிச்சிருவேன். நேத்து ராத்திரி நான் எந்திரிச்சுக் கையால ஜெனரேட்டரக் கிளப்புததுக்குள்ள ஒருக்கா சூடு எறங்கிருச்சு. என் முட்டைய வச்சு ஒமக்கு இனி ஒரு பரீட்ச கெடையாது. கரண்டு தானாப் போகட்டும்."

மேடம் அவரை மறுத்துப் பேசவில்லை. "அப்ப இருந்து பாத்துட்டே போறோம்" என்றார்.

ஆக, கரண்ட் போக வேண்டும் என்று நாலு பேர் காத்திருந்தோம். அப்படி ஒரு நாளை நான் அதற்கு முன் கண்டதில்லை. கரண்ட் அசையவில்லை. வேப்பமரம் தலையை விரித்து ஆடியது. தகரம் ஒன்று எங்கோ படபடத்தது. விளக்கு மட்டும் குத்துக்கல்லாக எரிந்தது. ஜெபமலர் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு சோறு போட்டார். "மத்த நாளு மோட்டார் போட விட மாட்டான். இன்னிக்கு விருந்தாளு வந்திருக்குன்னு மரியாத பண்ணுதான்" என்று சுடலைமணி கம்பத்தைப் பார்த்துச் சொன்னார். மேடம்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்து, "போயேன்" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

நான் அறைக்குள் போய்ப் போய் நின்றுவிட்டு வந்தேன். ஒரு தடவை ஒரு முட்டையைக் காதில் வைத்துப் பார்க்கச் சொன்னார் ஜெபமலர். உள்ளே ஒரு சின்னத் தட்டல். யாரோ தூரத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. வைத்ததை எடுக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் நாலரை இருக்கும். சிவப்பு விளக்கு போனது. மின்விசிறியின் சுருதி இறங்கியது. உடனே கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

"ஒண்ணு" என்றார் மேடம்.

 கம்பத்துக் கரண்ட் திரும்பியது. ஜெனரேட்டர் அடங்கியது. காற்று நின்றது மாதிரி இருந்தது. சுடலைமணி உதட்டைக் கடித்துக்கொண்டு கணினித் திரையையே பார்த்தார். ஜெபமலர் கண்ணை மூடியிருந்தார். பிறகு விளக்கு சிமிட்டியது. சிமிட்டி, வந்து, வந்ததுமே போனது. நான் எண்ணவே முடியாத வேகத்தில். அறை இருண்டது. மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றேவிட்டது. எல்லா முட்டைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல ஓர் அமைதி. அடுத்த தட்டு அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மேடத்தின் கை என் தோளைப் பிடித்தது. அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

ஜெனரேட்டர் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு எடுத்தது.

சிவப்பு விளக்கு மெல்ல ஏறியது. விசிறி சுருதி பிடித்தது. திரையில் நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

"யம்மா" என்று மட்டும் சொன்னார் ஜெபமலர். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். சுடலைமணி மூக்கைச் சிந்திவிட்டு, "ஜெனரேட்டருக்கு ஸ்பார்க் பிளக் மாத்தணும்" என்றார்.

திரும்பும்போது மேடமும் நானும் பஸ்ஸில் வந்தோம். ஜன்னலோரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். வயல்களுக்கு அப்பால் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தது. "அந்தக் கண்ணிமைக்கிற நேரம் இன்னும் அங்கனதான் இருக்கு" என்றார். "அதையும் நம்ம சிக்னல்.எச் பக்கத்துல எழுதிருங்க." டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். 

மறுநாள் மதியத்துக்கு மேல் குஞ்சுகள் பொரிந்தன. சில முட்டைகள் பொரியவில்லை. எந்த ஈட்டிலும் சில பொரியாது.